முடியும் வரை உட்கார்ந்திருந்தவர்

தி.நகருக்குப் போய்க்கொண்டிருந்த 5B பேருந்து ஒருநாள் காலையில் தேனாம்பேட்டையில் நின்றுபோனது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். பின்னால் வருகிற வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்று கண்டக்டர் சொன்னதை யாரும் நம்பவில்லை. திட்டிக்கொண்டே இறங்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது காலியான பேருந்துக்குள் ஒரே ஒரு பெண் மட்டும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் எப்படி வெளியே பார்ப்பாரோ அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் ஒரு வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று போய்க்கொண்டிருந்தேன். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ். வேலை, ஜெனரேட்டர் போடுவது. முதலாளி என்னிடம் பேசி முடித்து வெகுநேரம் கழித்து அந்தப் பெண் மாடியேறி வந்தார். செருப்பை வெளியே விட்டார். "பஸ் நின்னுடுத்து சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஆபீசில் எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். நானும் மேடம் என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அந்தப் பெயர் போதும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வடபழனியில் ஸ்டூடியோக்களில் லைட் தூக்கினேன், விட்டேன். தண்ணீர் லாரியில் கிளீனராகப் போனேன், அதுவும் ஒரு கோடையோடு சரி. அப்போது கொட்டிவாக்கத்தில், மழை பெய்தால் மணல் உள்ளே வரும் ஒரு அறையில் இருந்தேன். முப்பது வயதுக்குள் எத்தனை வேலை பார்த்தேன் என்று கேட்டால் எனக்கே வரிசை தெரியாது. எதையும் வருத்தப்பட்டு விட்டதில்லை. ஒருநாள் காலையில் போகத் தோன்றாது, போகமாட்டேன். அவ்வளவுதான்.

மேடத்துக்கு இது புரியவே இல்லை.

"ஒம்பதாவது பாதில ஏன் விட்டேள்?" என்று ஒருநாள் கேட்டார். அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் மயிலாப்பூரில் கோயிலை ஒட்டிய தெரு. பேச்சும் அந்தத் தெருவின் பேச்சு. ஜெனரேட்டர் ஆளைக்கூட நீங்கள் என்றுதான் சொல்வார்.

"வாத்தியார் அடிச்சாரு மேடம். வந்துட்டேன்."

"வருஷக் கடைசி வரைக்குமாவது இருந்துட்டு வந்திருக்கலாமே?"

"அது வரிக்கும் யாரு மேடம் அடி வாங்கிகினு இருப்பா?"

சிரித்தார். ஆனால் விடை சரியில்லை என்பது அவர் முகத்தில் இருந்தது.

அவரால் எதையும் பாதியில் விட முடியாது. அதுதான் அவர். சாப்பிடும்போது டெலிபோன் அடித்தால் டப்பாவைக் காலி செய்து கழுவிவிட்டுத்தான் எடுப்பார். அடித்து ஓய்ந்திருக்கும். ஆனால் எடுத்துவிட்டாரென்றால் எதிர்முனையில் இருப்பவர் வைக்கும் வரை வைக்கமாட்டார். ஒருமுறை யாரோ கட்டில் கடை என்று நினைத்து எங்கள் ஆபீசுக்குப் பேசினார்கள். புதுக் கட்டிலின் கால் ஆடுகிறது, மாமியார் விழப் பார்த்தார், மருமகள் மேல் பழி வந்துவிட்டது என்று நீண்ட கதை. மேடம் உம், உம் என்று முழுவதையும் கேட்டார். கடைசியில், "இது கட்டில் கடை இல்லேம்மா" என்றார். அந்தப் பக்கத்தில் திட்டு விழுந்திருக்க வேண்டும். அதையும் முடியும் வரை கேட்டார்.

"மொதல்லயே சொல்லிர்க்கலாம்ல மேடம்?" என்றேன்.

"சொல்ல ஆரம்பிச்சுட்டாளே. எப்படிக் குறுக்க போறது?"

ஒரு டிசம்பரில் கூடுதல் வருமானத்துக்காகச் சாயங்காலங்களில் ஒரு சபா கேன்டீனில் தண்ணீர் வைக்கப் போனேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து எங்களிடம் வந்துவிடும். வாழைப்பூ வடை தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஓடிவருவார்கள். ஒருநாள் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். காலி நாற்காலிகளுக்கு நடுவே மேடம். மிருதங்கக்காரர் அவர் ஒருவருக்காக வாசிப்பதைப் போலிருந்தது. எல்லாம் முடிந்து அவர் வெளியே வந்தபோது கேன்டீனில் காபி தவிர ஒன்றுமில்லை. அதை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது. கூடவே ஒரு கிலேசமும் இருந்தது. நடந்து போகிறவன் நிற்கிற வண்டியில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிற கிலேசம்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம் நடத்தும் ஒரு அறக்கட்டளை, பல வருடங்களாக வந்துபோன நோயாளிகளின் விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டினார்கள். மாதக்கணக்காகத் தட்டினார்கள். எல்லாம் ஒரே அட்டவணையாகச் சேர்ந்தது. லட்சக்கணக்கில் ஆட்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. ஆனால் அதற்குள் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் மறு கண்ணுக்கு வந்தால், அவருடைய பழைய வரி எது என்று தெரியாது.

"லட்சுமின்னு தேடினா ஒரு ஊரே எழுந்து வரது" என்றார் மேடம். "அதனால ஒத்தொருத்தருக்கும் முகாம்ல குடுத்த சீட்டு நம்பர்தான் அடையாளம்னு மெஷினுக்குச் சொல்லிடப் போறேன். பிரைமரி கீன்னு பேரு. அதைப் போட்டுட்டா ஒரு நம்பருக்கு ஒரே ஆள்தான். அதே நம்பர்ல இன்னொருத்தர் இருந்தா மெஷினே ஏத்துக்காது."

"நம்பர் போட எத்தினி நாளு ஆவும்?"

"ஒரு வரி அடிச்சா போறும். ஆனா அதுக்கப்புறம் மெஷின் அத்தனை பேரையும் ஒத்தொருத்தரா ஒப்பிட்டுப் பாக்கும். பாதில நின்னா மறுபடி முதல்லேர்ந்து."

பாதியில் நின்றால் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். ஜெனரேட்டர் என் பொறுப்பு.

பெண்கள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று வைத்திருந்தார். முதலில் சென்னை முகாம்களை மட்டும் தனியாக எடுத்துச் செய்து பார்த்தார். சீக்கிரமாக முடிந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு, விடிந்ததும் ஆரம்பித்தால் மதியத்துக்குள் முழுவதும் முடிந்துவிடும் என்று முடிவுசெய்தார். மதியத்துக்குள் முடிய வேண்டிய காரணமும் இருந்தது. அது ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடையாறில் ஒருவர் இருந்தார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மேடத்தின் அண்ணனுக்குத் தெரிந்தவர். மேடம் அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் வரன் பார்ப்பதையே விட்டிருந்தார்கள். அதன் பிறகு வந்தது இந்த வரன். ஒரு மழைநாள் மாலையில் அந்த மனிதர் மேடத்துக்காகக் குடை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். மேடம் வேலையை முடிக்கும் வரை, பின்பக்கத் தகரக் கொட்டகையில் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்த மெஷின் எவ்வளவு டீசல் குடிக்கும் என்று என்னைக் கேட்டார். ஜெனரேட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். மேடத்துக்குச் சரியான ஆள் என்று அப்போதே நினைத்தேன். இருவரும் ஒரே குடையில் பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். இடையில் இன்னொருவர் வரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். இருவருக்கும் ஒவ்வொரு தோள் நனைந்தது.

அந்த மனிதரை வளர்த்தது அவருடைய அக்கா. பெங்களூரில் இருந்தார். அந்த அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, சாயங்காலம் நாலு மணிக்கு மயிலாப்பூரில் மேடத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலுக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

அன்றைக்கு விடிகாலையிலேயே மேடம் வந்துவிட்டார். பையில் ஒரு பட்டுப்புடவை இருந்தது. வழியிலேயே அயர்ன் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தார். வாழையிலையில் சுருட்டிய மல்லிகைப்பூவை ஏ.சி. காற்று படுகிற இடத்தில் வைத்தார். "வாடாம இருக்கும்" என்றார் என்னிடம். கேட்காமலே சொன்னார். பிறகு உட்கார்ந்து அந்த ஒரு வரியை அடித்தார். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை சரிபார்த்தார். பொத்தானை அழுத்தினார்.

திரையில் எதுவும் நடக்கவில்லை. ஒரு சின்னக் கோடு கீழே நின்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு துடித்தது.

"ஓடுதா மேடம்?"

"ஓடறது."

மதியம் ஆயிற்று. ஓடியது. நான் போய்ப் பொட்டலம் வாங்கி வந்தேன். மேடம் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. யு.பி.எஸ். பேட்டரி தாங்குகிற சில நிமிடங்களுக்குள் நான் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டேன். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியின் நுனியில் இருந்தார். சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சத்துக்குப் போட்ட கணக்கு மொத்தத்துக்கு ஒத்துவரவில்லை என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

மூன்று மணிக்கு அவருடைய அண்ணன் ஸ்கூட்டரில் வந்தார். படியேறி வந்த மூச்சிரைப்போடு கதவருகில் நின்றார்.

"இன்னும் இங்கயே உக்காந்துண்டிருக்கே? அவா நாலு மணிக்கு வந்துடுவா."

"இன்னும் ஓடிண்டிருக்கு அண்ணா."

"ஓடட்டுமே. நீ என்ன பின்னாலேர்ந்து கையால தள்ளிண்டா இருக்கே?"

நான் சிரித்துவிட்டேன். மேடமும் கொஞ்சம் சிரித்தார்.

"இதோ முடிஞ்சுடும்."

"முடியலேன்னா? அந்த அக்கா ராத்திரி கெளம்பிடுவா. அவளைக் கேக்காம அவர் ஒண்ணும் பண்ணமாட்டார். உனக்கே தெரியும்."

"தெரியும்."

"உனக்கு இது வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லு."

மேடம் ஏ.சி. பக்கம் இருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பார்த்தார். "வேணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்குக் கேட்டது.

"அப்ப எழுந்துண்டு வா."

"பாதில விட்டுட்டு வந்தா, கைல காபியும் மனசுல இதுவுமா நிப்பேன். அவா மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை ஒழுங்காப் பேச வராது அண்ணா. முடிச்சுட்டு வரேன். கொஞ்சம் உக்கார வெச்சு பேசிண்டிருங்கோ."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்களேன்."

"காலைலேர்ந்து சொல்லிகினுதான் கீறேன் சார். கரண்டு போனா போடப் போறது நானு. அவங்க இருந்தாலும் நான்தான் போடணும், இல்லாங்காட்டியும் நான்தான் போடணும்."

அது உண்மை. மேடத்துக்கும் தெரியும். அங்கே அவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அண்ணன் படியிறங்கினார். ஸ்கூட்டர் பல தடவை உதைத்த பிறகு கிளம்பியது.

நாலு மணிக்கு மேல் டெலிபோன் அடித்தது. மேடம் எழுந்து போகவில்லை. நான் எடுத்தேன். மேடத்தின் வீட்டிலிருந்து ஒரு பெண் குரல், "அவா வந்துட்டான்னு சொல்லுங்கோ" என்றது. சொன்னேன். தலையை ஆட்டினார். மறுபடி அடித்தது. "இன்னும் காத்துண்டிருக்கான்னு சொல்லுங்கோ." சொன்னேன். அதன் பிறகு அடிக்கவில்லை. ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறி மங்கியது.

விளக்கு போடுகிற நேரத்தில் சிவப்பு விளக்கு துடிப்பது நின்றது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

"முட்ச்சிட்ச்சா மேடம்?"

அவர் அதை இரண்டு முறை படித்தார். "ஏத்துக்கலை" என்றார். "ஒரே நம்பர்ல ரெண்டு பேர் இருக்காளாம்."

இன்னொரு கேள்வியை அடித்தார். காத்திருந்தார். திரையில் இரண்டு வரிகள் வந்தன. ஏதோ ஒரு கிராமம். ஒரே தெரு, ஒரே கதவு எண். முதல் வரியில் ஒரு ஆண். இரண்டாவது வரியில் ஒரு பெண், கணவர் பெயர் என்ற இடத்தில் அந்த ஆணின் பெயர்.

"ஆம்படையான் பொண்டாட்டி" என்றார் மேடம். "ரெண்டு பேருமா சேந்து கண்ணைக் காட்ட வந்திருக்கா. முகாம்ல ஒரே சீட்டா எழுதிக் குடுத்துட்டா. ரேஷன் கார்டு மாதிரி. குடும்பத்துக்கு ஒண்ணு."

கீழே இன்னும் வந்துகொண்டே இருந்தது. ஊர் ஊராகப் புருஷனும் பெண்டாட்டியும். பட்டணத்து முகாம்களில் ஆளுக்கொரு சீட்டு. அதை மட்டும் வைத்துச் சோதித்ததால் இது அவர் கண்ணில் படவில்லை.

"எனக்குத் தோணவே இல்லை பாருங்கோ" என்றார். "ரெண்டு பேர் ஒரே சீட்டுல வருவான்னு."

புடவைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பூப்பொட்டலத்தை மறந்துவிட்டார். நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. வீட்டில் அதற்குள் எல்லோரும் போயிருப்பார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அடுத்த சில வாரங்கள் அந்தத் தம்பதிகளை ஒவ்வொரு ஜோடியாகப் பிரித்தார். ஒருவருக்குப் பழைய எண், மற்றவருக்குப் புது எண். அடையாறு மனிதரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஒருநாள் மட்டும், நான் டீ கொண்டுபோய் வைத்தபோது, "பழைய நம்பரை யாருக்குக் குடுக்கலாம்? நீங்க சொல்லுங்கோ" என்றார்.

"வூட்டுக்காரம்மாவுக்கே குடுங்க மேடம். சீட்டைப் பத்திரமா வெச்சினு இருக்கறது அவங்கதான். இந்தாளு எங்கனா டீக்கடையில வுட்டுருப்பாரு."

சிரித்தார். அப்படியே செய்தார். அந்த வாரங்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் அதே ஒரு வரி, அதே கண்ணடிக்கும் கோடு. அன்றும் நாங்கள் இருவர்தான். மதியம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பையிலிருந்து பூவை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பட்டுப்புடவை இல்லை, சாதாரணப் புடவைதான்.

"நான் அடையாறு வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார். "நேரா அவர்கிட்டயே பேசிடலாம்னு தோணறது."

"இது ஓடிகினு கீதே மேடம்?"

"ஓடட்டும்."

வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருமுனையில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டிருந்தார். மேடம் ஆட்டோவில் ஏறி நான் பார்த்ததில்லை.

அன்று கரண்டு போகவில்லை. நான் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுத்துப்போய் டீ குடிக்கக் கீழே போனேன். டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். மேலே வந்தபோது விளக்கு துடிப்பது நின்றிருந்தது. திரையில் ஒரே ஒரு சொல்லோடு ஒரு வரி. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்றாலும் போன முறை வந்த வரி இல்லை என்று தெரிந்தது.

இருட்டுவதற்கு முன் மேடம் வந்தார். பூ வாடியிருந்தது. நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா மேடம் அவரை?"

"பாத்தேன். தூரத்துலேர்ந்து" என்றார். "நான் போனப்ப அவாத்து வாசல்ல நெறைய செருப்பு. உள்ள பேச்சு நடந்துண்டிருந்தது. அந்த அக்காவும் வந்திருந்தா போல இருக்கு. பேசிண்டிருக்கறப்ப எப்படிக் குறுக்க போறது? எதிர்த்தாப்ல பஸ் ஸ்டாப்ல நின்னுண்டிருந்தேன்."

"எம்மா நேரம்?"

"முடியற வரைக்கும்."

அவரே சொன்னார்.

"எல்லாரும் வெளில வந்தா. கைல வெத்தலபாக்குப் பை. பொண்ணாத்துக்காரான்னு பாத்தாலே தெரியறது. அவர் வாசல் வரைக்கும் வந்து அனுப்பிச்சார். நான் அந்தப் பக்கம் நின்னது அவருக்குத் தெரியாது."

பிறகுதான் திரையைப் பார்த்தார். குனிந்து படித்தார். விரலால் அந்தச் சொல்லைத் தொட்டார்.

"முடிஞ்சுடுத்து" என்றார்.

"ஆமா மேடம்."

"எப்போ? நீங்க பக்கத்துல இருந்தேளா?"

"இல்ல மேடம். டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா முட்ச்சிட்டு கீது."

"யாருமே இல்லாதப்பவா?"

"யாருமே இல்ல."

அவர் உட்கார்ந்தார். ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. திரையில் அந்தக் கோடு அடுத்த வரிக்காகக் கண்ணடித்தது.

"அப்ப அன்னிக்கும் நான் எழுந்து..." என்று ஆரம்பித்தார்.

நான் காத்திருந்தேன். அவர் பாதியில் விட்டதாக எனக்குத் தெரிந்த வாக்கியம் அது ஒன்றுதான்.